தேனிலவுக்குப் பாலைவனம்: முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டிருந்து, ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்து, ஜோடியாகத் திரும்பி வருகிறவர்கள் தேனிலவுக்கு எங்கே போகலாம் என்று கேட்டால், யோசிக்காமல் தென்மேற்குப் பாலைவனம் என்றுதான் சொல்வேன். நெவாடா, யூட்டா, அரிசோனா மூன்றையும் தொட்டு வரும் ஒரு சுற்று. சிவந்த பாறைகள், ஒரு மைல் ஆழமுள்ள பள்ளம், பால்வீதி கண்ணுக்குத் தெரிகிற இரவு, வெகு நேரம் எதிரே ஒரு வண்டிகூட வராத சாலை. கல்யாண வீட்டுக் கூட்டத்திலிருந்து வெளியே வந்த இரண்டு பேர் நிம்மதியாகப் பேசிக்கொண்டே போக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஆனால் நினைத்தவுடன் கிளம்பிப் போகிற இடம் இது இல்லை. திட்டம் போடும்போது ஒன்றை மட்டும் அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கே விடியற்காலையும் மாலையும் உங்களுடையவை. நடுப்பகல் வெயிலுக்கு உரியது. காலை பத்து மணிக்குள் நடை, நடுப்பகலில் ஏசி காரிலோ அறையிலோ ஓய்வு, நாலு மணிக்குமேல் மறுபடி வெளியே. தங்குமிடத்தை எங்கே எடுப்பது, ஒரு நாளில் எத்தனை மைல் ஓட்டுவது, எதை விட்டுவிடுவது என்பதையெல்லாம் இந்தக் கணக்கை வைத்தே முடிவு செய்யலாம்.

எந்த மாதம்?

நம் முகூர்த்த மாதங்களும் இந்தப் பாலைவனத்தின் பருவமும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஆவணியில் கல்யாணம் என்றால் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ கிளம்பலாம். இருப்பதிலேயே நல்ல காலம் அதுதான். தை, மாசி, பங்குனியில் கல்யாணம் என்றால் ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசிக்குள் போய்விடுங்கள்.

வைகாசி, ஆனியில் தாலி கட்டியவர்கள் கொஞ்சம் பொறுப்பது நல்லது. ஜூன், ஜூலையில் இங்கே அடிக்கிற வெயில் வேறு மாதிரி. 2024 ஜூலை 7 அன்று லாஸ் வேகாஸில் 120 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது கிட்டத்தட்ட 49 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை பருவமழைக் காலமும்கூட. காலையில் வானம் சுத்தமாக இருக்கும், மதியத்துக்குமேல் இடியும் மழையும் திரண்டு வரும். குளிர்காலத்தில் பனி போர்த்திய பாறைகள் அழகுதான், ஆனால் உறைந்த மலைச் சாலையில் ஓட்டிப் பழகாதவர்களுக்கு அது வேண்டாம்.

சென்னை வெயிலைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் என்ன என்று தோன்றலாம். அங்கே வியர்வை சட்டையை நனைத்து உங்களை எச்சரிக்கும். இங்கே காற்றில் ஈரமே இல்லாததால் வியர்வை வந்த கணமே காய்ந்துவிடும். உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், தோல் மட்டும் காய்ந்தபடியே இருக்கும். தலைவலியும் எரிச்சலும் வந்த பிறகுதான் தெரியவரும். அதனால் தாகம் எடுக்கிறதோ இல்லையோ, அவ்வப்போது குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எட்டு இரவு, ஆயிரம் மைல்

முதல் முறைக்கு நான் சொல்கிற சுற்று இது: லாஸ் வேகாஸில் ஓர் இரவு, ஜயான் தேசியப் பூங்கா வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேலில் இரண்டு, பிரைஸ் கேன்யனில் ஒன்று, பேஜில் ஒன்று, மானுமென்ட் வேலியில் ஒன்று, கிராண்ட் கேன்யன் தென் விளிம்பில் இரண்டு. அப்புறம் மறுபடி லாஸ் வேகாஸ்.

தூரம் தோராயமாக இப்படி வரும். வேகாஸிலிருந்து ஜயான் 160 மைல். அங்கிருந்து பிரைஸ் 85. பிரைஸிலிருந்து கனாப் வழியாகப் பேஜ் 150. பேஜிலிருந்து மானுமென்ட் வேலி 125. அங்கிருந்து கிராண்ட் கேன்யன் 180. திரும்பி வேகாஸ் 280. கடைசி நாளைத் தவிர எந்த நாளும் ஓட்டுவது நாலு மணி நேரத்தைத் தாண்டாது. அந்த நாலு மணி நேரத்தையும் நடுப்பகலில் வைத்துக்கொண்டால், காலையும் மாலையும் உங்களுக்கு மிச்சம்.

ஒரு நாள் குறைவாகத்தான் லீவு என்றால் மானுமென்ட் வேலியை விட்டுவிட்டு, பேஜிலிருந்து நேராகத் தெற்கே கேமரன் வழியாகக் கிராண்ட் கேன்யன் போய்விடுங்கள். ஆர்ச்சஸ், செடோனா, மரணப் பள்ளத்தாக்கு எல்லாவற்றையும் இதே பயணத்தில் சேர்க்கச் சொல்லி நண்பர்கள் பட்டியல் தருவார்கள். சேர்க்காதீர்கள். அப்படிப் போனால் விண்ட்ஷீல்டு வழியாகவே எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வருவீர்கள். ஊரிலிருந்து புதிதாக விமானத்தில் வந்தவருக்கு ஜெட்லாக் வேறு இருக்கும். வந்து ஒரு வாரமாவது ஓய்வெடுத்த பிறகு கிளம்புங்கள்.

முன்பதிவை இந்த வரிசையில் செய்யுங்கள்

முதலில் கிராண்ட் கேன்யன் பூங்காவுக்குள் இருக்கும் அறைகள். ஒரு வருடத்துக்கு முன்பே நிறைய பேர் எடுத்துவிடுவார்கள். ஆனால் ரத்தாகிற அறைகள் அடிக்கடி திரும்ப வரும். விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் கிடைக்க வாய்ப்புண்டு. கிடைக்காவிட்டால் தெற்கு வாசலை ஒட்டிய டூசாயன் ஊரில் எடுங்கள். பணம் கொஞ்சம் கூடினாலும் பூங்காவுக்குள்ளேயோ வாசலிலேயோ தங்குவதுதான் சரி. அறுபது மைல் தள்ளி மலிவாக அறை எடுத்தவர்களுக்குச் சூரிய உதயமும் கிடையாது, அஸ்தமனத்துக்குப் பின் நிதானமும் கிடையாது.

அடுத்து மானுமென்ட் வேலி. நவஹோ பழங்குடிப் பூங்காவுக்குள்ளேயே, அந்தப் பாறைக் கோபுரங்களைப் பார்த்தபடி ஓர் ஓட்டல் இருக்கிறது. இந்த முழுப் பயணத்தில் ஓர் இரவுக்கு மட்டும் கூடுதலாகச் செலவு செய்ய முடியும் என்றால் அதை இங்கே செய்யுங்கள். மூன்றாவதாகப் பேஜில் ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகிய பாறைப் பிளவுக்கான டிக்கெட். அது நவஹோ நிலம். வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். மற்ற ஊர்களில் அறை எடுப்பது இவ்வளவு சிரமம் இல்லை.

நுழைவுக் கட்டணம்: ஜயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் மூன்றுக்கும் ஒரு காருக்கு 35 டாலர் வீதம் 105 டாலர் ஆகிறது. 80 டாலர் கொடுத்து வருட பாஸ் வாங்கினால் மூன்றுக்கும் சேர்த்தே குறைவு. ஆனால் 2026 ஜனவரி முதல் அந்த 80 டாலர் விலை அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான். வெளிநாட்டிலிருந்து சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு 250 டாலர். இங்கே வசிப்பவர்கள் தங்கள் மாநில லைசென்ஸைக் கையோடு கொண்டுபோங்கள். மானுமென்ட் வேலி, ஆன்டிலோப் கேன்யன், ஹார்ஸ்ஷூ பெண்ட் மூன்றிலும் இந்தப் பாஸ் செல்லாது. அங்கெல்லாம் தனிக் கட்டணம்.

காரும் காகிதங்களும்

நாலு சக்கர இயக்கமெல்லாம் தேவையில்லை. மேலே சொன்ன சாலைகள் எல்லாம் நல்ல தார்ச்சாலைகள். வாடகைக் காரை எடுக்கும் இடத்திலேயே மூன்றைப் பாருங்கள். ஏசி நன்றாகக் குளிர்கிறதா? டயரில் பட்டன் இருக்கிறதா? ஸ்டெப்னி உண்டா, இல்லை காற்றடைக்கும் டப்பா மட்டும்தான் வைத்திருக்கிறார்களா? டப்பா மட்டும் என்றால் வேறு வண்டி கேளுங்கள். கூர்ங்கல்லில் டயரின் பக்கவாட்டு கிழிந்தால் அந்த டப்பா உதவாது.

துணைவரையும் ஓட்டுநராகச் சேர்க்கக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். பல நிறுவனங்கள் கணவன் மனைவிக்கு வாங்குவதில்லை. இந்திய லைசென்ஸ் மட்டும் இருப்பவர் என்றால் ஊரிலிருந்து கிளம்பும்போதே சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்து வருவது நல்லது. ஒப்பந்தத்தில் மண் சாலையில் ஓட்டக்கூடாது என்று பெரும்பாலும் போட்டிருப்பார்கள். மீறினால் இன்சூரன்ஸ் கைவிட்டுவிடும்.

விசாவில் இருப்பவர்கள் இரண்டு பேருமே, அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவான ஐ-94-இன் அச்சுப் பிரதியும் பாஸ்போர்ட்டும் கையில் வைத்திருக்க வேண்டும். பதினெட்டு வயது தாண்டிய வெளிநாட்டவர் பதிவுச் சான்றை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கல்யாண நகைகளை வீட்டு லாக்கரிலேயே விட்டுவிடுங்கள். தாலிச் சங்கிலி போதும்.

டிக்கியில்

ஒரு நாளுக்கு ஓர் ஆளுக்கு ஒரு கேலன், அதாவது நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர். இது தவிர, வண்டி நின்றுபோனால் சமாளிக்க ஒரு கேலன் தொடாமல் இருக்கட்டும். வெறும் தண்ணீரை மட்டும் மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தால் உடம்பில் உப்புக் குறைந்து மயக்கம் வரும். உப்புப் போட்ட வேர்க்கடலை, ஊறுகாய், உப்புக்கரைசல் பொட்டலம் ஏதாவது கூடவே இருக்க வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் கட்டுச்சோறு மரபு இங்கே கைகொடுக்கும். வேகாஸிலிருந்து கிளம்புகிற நாளுக்குப் புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் போதும். தயிர்சாதத்தை ஐஸ்பெட்டியில் வைக்காமல் கொண்டுபோகாதீர்கள். வழியில் செயின்ட் ஜார்ஜ், பேஜ் இரண்டிலும் பெரிய மளிகைக் கடைகள் உண்டு. ரொட்டி, பழம், தயிர், ஐஸ் எல்லாம் அங்கே நிரப்பிக்கொள்ளலாம். அறைக்குள் அடுப்பு வைத்துத் தாளிக்க வேண்டாம், புகை அலாரம் அடித்துவிடும். சைவம் சாப்பிடுகிறவர்கள் பீன்ஸ் புரிட்டோ வாங்கும்போது பீன்ஸில் பன்றிக் கொழுப்புச் சேர்க்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல கடைகளில் சேர்ப்பார்கள்.

உடைக்கு: லேசான முழுக்கை பருத்திச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி, நல்ல பிடிப்புள்ள ஷூ. பருத்தித் துப்பட்டா ஒன்று எடுத்துப்போங்கள், நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டால் உடனே குளிர்ச்சி. உதடு வெடிக்கும், மூக்கு காய்ந்து ரத்தம்கூடக் கசியும், வாசலின் வேண்டும். இதற்கெல்லாம் நேர்மாறாக ஒரு தடிமனான ஜாக்கெட்டும் வேண்டும். ஏன் என்று பிரைஸில் தெரியும்.

ஜயான்

வேகாஸிலிருந்து ஐ-15 சாலையில் வடக்கே போனால் மெஸ்கீட் ஊரைத் தாண்டியதும் சாலை அரிசோனாவின் மூலையை வெட்டிக்கொண்டு, வர்ஜின் ஆறு குடைந்த குறுகிய மலைப்பிளவுக்குள் நுழைகிறது. பாலைவனம் முதல் முறை முகம் காட்டுவது அங்கேதான். அதைப் பகல் வெளிச்சத்தில் கடக்கிற மாதிரி கிளம்புங்கள்.

ஜயான் பள்ளத்தாக்கின் உட்புறச் சாலையில் மார்ச் முதல் நவம்பர் வரை பெரும்பாலும் சொந்த வண்டி போக முடியாது. இலவச ஷட்டில் பஸ்தான். பூங்கா வாகன நிறுத்தம் காலையிலேயே நிரம்பிவிடும். ஸ்பிரிங்டேலில் தங்கினால் காரை ஓட்டலிலேயே விட்டுவிட்டு ஊர் ஷட்டிலில் வாசல் வரை வரலாம். முதல் பஸ்களில் ஒன்றைப் பிடியுங்கள். மாலையில் கடைசி பஸ் எப்போது என்பதையும் காலையிலேயே பார்த்து வையுங்கள்.

ஏஞ்சல்ஸ் லேண்டிங் பற்றி எல்லோரும் சொல்வார்கள். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கத்திமுனை போன்ற பாறை முகட்டில் ஏறுவது அது. 2022 ஏப்ரல் முதல் குலுக்கலில் அனுமதி கிடைத்தால்தான் போக முடியும். மலையேறிப் பழகாதவர்கள் இதை விட்டுவிடலாம். பதிலாகச் சுரங்கப்பாதைக்குக் கிழக்கே இருக்கும் கேன்யன் ஓவர்லுக் நடைவழி போய் வர ஒரு மைல்தான், காட்சியோ பிரமாதம்.

நேரோஸ் என்பது ஆற்றுக்குள்ளேயே நடப்பது. இருபுறமும் வானத்தை மறைக்கிற சுவர், காலுக்கடியில் உருண்டைக் கற்கள், முழங்கால் முதல் இடுப்பு வரை சில்லென்ற தண்ணீர். ஸ்பிரிங்டேல் கடைகளில் ஆற்றுக்கான ஷூவும் ஊன்றுகோலும் வாடகைக்குத் தருவார்கள். இரண்டையும் எடுங்கள், வெறும் செருப்பில் இறங்காதீர்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் கூடாது, தலையை முக்கவும் கூடாது. நச்சுப் பாசி உண்டு. இறங்குவதற்கு முன் அன்றைய திடீர் வெள்ள எச்சரிக்கையைப் பார்வையாளர் மையத்தில் பாருங்கள். வெள்ளத்துக்கு வாய்ப்பு என்று ஒரு சொல் இருந்தாலும் அன்றைக்கு ஆறு வேண்டாம்.

பிரைஸ்

ஜயானிலிருந்து கிழக்கே 1930-இல் திறந்த, ஒரு மைலுக்கும் சற்று நீளமான மலைச் சுரங்கம் வழியாக வெளியேறி, 89-ஆம் எண் சாலையில் வடக்கே ஏறினால் பிரைஸ். விளிம்பின் உயரம் எட்டாயிரம் அடிக்கு மேல், ஊட்டியைவிட அதிகம். பகலில் வெயிலாக இருந்தாலும் இரவில் பற்கள் கிட்டும். இங்கேதான் அந்த ஜாக்கெட்.

பிரைஸில் பாறைகள் ஆயிரக்கணக்கான தூண்களாக, ஆரஞ்சும் வெள்ளையுமாக நிற்கின்றன. இரவில் பாறை வெடிப்புக்குள் தண்ணீர் உறைந்து விரிந்து, பகலில் உருகி, வருடத்தின் பல இரவுகளில் இதே வேலை திரும்பத் திரும்ப நடந்து செதுக்கிய தூண்கள் இவை. சூரிய உதயத்துக்கு விளிம்பில் நில்லுங்கள். வெளிச்சம் பின்னாலிருந்து வரும்போது ஒவ்வொரு தூணும் உள்ளே விளக்கேற்றியதுபோல் கனன்று தெரியும். வெயில் ஏறுவதற்கு முன் குவீன்ஸ் கார்டன், நவஹோ லூப் இரண்டையும் சேர்த்துச் சுமார் மூன்று மைல் நடந்துவிடுங்கள். இறங்குவது சுலபம், ஏறும்போது காற்று போதாமல் மூச்சு வாங்கும். மெதுவாக ஏறுங்கள், நின்று நின்று ஏறுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

நிலவில்லாத இரவாகப் பார்த்துப் பிரைஸ் அறையை எடுத்தால் நட்சத்திரங்களுக்காகவே வந்ததுபோல் இருக்கும். பஞ்சாங்கத்தில் அமாவாசை தேதியைப் பார்த்துவிட்டு மொத்தப் பயணத்தையும் அதைச் சுற்றி வையுங்கள் என்பது என் யோசனை.

பேஜ், அப்புறம் கடிகாரம்

பிரைஸிலிருந்து பேஜுக்கு மேப் சில சமயம் காட்டன்வுட் கேன்யன் சாலை என்று ஒரு குறுக்குவழியைக் காட்டும். அது நாற்பது மைலுக்கும் மேற்பட்ட மண் சாலை. மழை பெய்தால் களிமண் சேறாகி எந்த வண்டியும் நகராது. கனாப் வழியாகவே போங்கள். இந்தப் பகுதிகளில் சிக்னல் நம்பகமில்லை, அதனால் மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பாதிக்குக் கீழே போனால் அடுத்து வருகிற பங்கிலேயே நிரப்பிவிடுங்கள்.

இனி கடிகாரம். அரிசோனா கோடைக்காலத்தில் கடிகாரத்தை முன்னே தள்ளுவதில்லை. யூட்டா தள்ளும். அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவஹோ தேசமும் தள்ளும். எனவே மார்ச் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை, வேகாஸில் காலை 8 மணி என்றால் ஜயானிலும் பிரைஸிலும் 9, பேஜில் 8, மானுமென்ட் வேலியில் 9, கிராண்ட் கேன்யனில் 8. பேஜ் ஊர் எல்லையில் இருப்பதால் உங்கள் போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அதற்கேற்ப நேரம் தானாக மாறும். பேஜுக்குப் போனதும் போனில் தானியங்கி நேரத்தை நிறுத்திவிட்டு ஃபீனிக்ஸ் நேரத்தைக் கையால் வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டிலோப் டிக்கெட்டில் போட்டிருப்பது எந்த நேரம் என்று நடத்துகிறவர்களிடமே ஒரு முறை கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஆன்டிலோப்பில் மேல் கேன்யன், கீழ் கேன்யன் என்று இரண்டு உண்டு. மேல் கேன்யன் தரைமட்டத்தில் நடந்து போகிற மாதிரி. ஒளிக்கற்றை மேலிருந்து மணலில் இறங்குவது இங்கேதான், கோடை மாதங்களில் நடுப்பகலை ஒட்டி. வெயிலுக்குப் பயந்து ஒதுங்குகிற அந்த நேரத்தை இங்கே நிழலுக்குள் கழிக்கலாம். கீழ் கேன்யனில் இரும்பு ஏணிகளில் இறங்கி ஏற வேண்டும், புடவை கட்டிக்கொண்டு போட்டோ எடுக்க நினைப்பவர்களுக்கு அது சரிப்படாது. பையை உள்ளே விடமாட்டார்கள்.

1997 ஆகஸ்ட் 12 அன்று இதே கீழ் கேன்யனில் 11 பேர் வெள்ளத்தில் போனார்கள். மழை பெய்தது பல மைல் தள்ளி. இந்த ஊரின் இறுகிய மண் தண்ணீரை உறிஞ்சாது. எங்கோ பெய்தது ஒன்றுகூடி, ஒற்றைச் சுவராகப் பிளவுக்குள் புகுந்துவிடும். வழிகாட்டி சுற்றை ரத்து செய்தால் வாதாடாமல் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அதே காரணத்தால் சாலையின் குறுக்கே தண்ணீர் ஓடினால் வண்டியை இறக்கக் கூடாது. பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும், காத்திருங்கள்.

ஹார்ஸ்ஷூ பெண்ட் ஊரை ஒட்டியே இருக்கிறது. போய் வர ஒன்றரை மைல், வழியில் மரமே கிடையாது. மாலையில் போங்கள். சுமார் ஆயிரம் அடி கீழே கொலராடோ ஆறு வளைந்து திரும்புவதைக் கம்பித் தடுப்பு உள்ள இடத்திலிருந்தே நன்றாகப் பார்க்கலாம். செல்ஃபிக்காகத் தடுப்பு இல்லாத முனைக்குப் போகாதீர்கள்.

மானுமென்ட் வேலி

இது நவஹோ மக்களின் வீடு. அவர்கள் அங்கே ஆடு மேய்த்துக்கொண்டும் குடும்பம் நடத்திக்கொண்டும் இருக்கிறார்கள். கேட்காமல் ஆட்களைப் படம் எடுக்கக் கூடாது, ட்ரோன் கூடாது, நவஹோ தேசம் முழுக்க மதுவும் கூடாது. காரில் ஷாம்பெயின் பாட்டில் வைத்திருந்தால் அதைக் கொண்டுவராதீர்கள்.

பள்ளத்தாக்குக்குள் 17 மைல் மண் சாலை சுற்றி வருகிறது. வாடகைக் கார் ஒப்பந்தம் ஞாபகம் இருக்கிறதல்லவா? நவஹோ வழிகாட்டிகளின் திறந்த ஜீப்பில் போங்கள். பொதுச் சாலைக்கு அப்பால், வழிகாட்டியோடு மட்டுமே அனுமதிக்கிற மணற்பகுதிகளுக்கும் கூட்டிப்போவார்கள். பாறைக்கு அவர்கள் மொழியில் என்ன பெயர், எந்தப் பாட்டி அங்கே வாழ்ந்தார் என்பதெல்லாம் தெரியவரும். நல்ல டிப்ஸ் கொடுங்கள். மாலை ஜீப், அப்புறம் பால்கனியில் உட்கார்ந்து இருட்டும் வரை, மறுநாள் விடியலில் இரண்டு கையுறைப் பாறைகளுக்குப் பின்னாலிருந்து சூரியன். இங்கே வேறு எதையும் திட்டமிடாதீர்கள்.

கிராண்ட் கேன்யன்

கேயென்டா, டூபா சிட்டி, கேமரன் வழியாக வந்து கிழக்கு வாசலில் நுழையுங்கள். உள்ளே வந்ததும் முதலில் வருவது டெசர்ட் வியூ. 1932-இல் மேரி கோல்ட்டர் என்ற பெண் கட்டடக் கலைஞர் கட்டிய கற்கோபுரம் இருக்கிறது. முதல் தரிசனம் அங்கிருந்து கிடைத்தால் கூட்டமும் குறைவு, ஆறும் தெரியும். அங்கிருந்து சுமார் 25 மைல் விளிம்போடு ஒட்டியே, தங்கும் அறைகள் இருக்கும் கிராண்ட் கேன்யன் கிராமத்துக்கு வரலாம்.

இரண்டாவது நாள் காலை மேதர் பாயிண்டில் உதயம். மாலை ஹெர்மிட் சாலை ஷட்டிலில் ஹோப்பி பாயிண்டுக்குப் போய் அஸ்தமனம். கொஞ்சமாவது உள்ளே இறங்க ஆசைப்பட்டால் தெற்கு கைபாப் பாதையில் ஊ-ஆ பாயிண்ட் வரை, போய் வர இரண்டு மைலுக்குள்தான். அந்தப் பாதையில் தண்ணீர் கிடைக்காது. இறங்க ஆன நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஏறுவதற்கு ஆகும் என்று கணக்கு வையுங்கள். கீழே போகப்போக வெப்பம் கூடும். ஆறு வரை போய் அதே நாளில் திரும்புவதை ரேஞ்சர்கள் கடுமையாக எச்சரிக்கிறார்கள். விளிம்பில் பெரும்பாலான இடங்களில் கைப்பிடியே இல்லை. போட்டோவுக்காகப் பின்னால் காலடி வைக்கக் கூடாது என்று இருவரும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அணில்கள் மடியில் வந்து ஏறும், தீனி போடாதீர்கள். கடிக்கும், நோயும் பரப்பும்.

இருட்டு, புழுதி

இருட்டிய பிறகு ஓட்டுவதைத் தவிருங்கள். எல்க் மான்களும் வேலியில்லாத மேய்ச்சல் மாடுகளும் சாலையில் நிற்கும். புழுதிப்புயல் வந்தால் சாலையை விட்டு முடிந்தவரை தள்ளி ஓரமாக நிறுத்தி, எல்லா விளக்குகளையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். விளக்கு எரிந்தால், சாலை அந்தப் பக்கம் போகிறது என்று நினைத்துப் பின்னால் வருகிற வண்டி உங்கள் மேல் ஏறிவிடும். வண்டி பழுதாகி நின்றால் காரை விட்டு நடந்து போகாதீர்கள். காரைத் தேடிக் கண்டுபிடிப்பது சுலபம், நடந்துபோன ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஐஃபோன் 14-லும் அதற்குப் பிந்தைய ஐஃபோன்களிலும் சிக்னல் இல்லாமலே செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்ப முடியும். எப்படி என்று கிளம்புவதற்கு முன்பே ஒரு முறை பழகிக்கொள்ளுங்கள்.

இரண்டு பேருக்குள்

எந்தெந்த நாள் சிக்னல் இருக்காது என்று இரு வீட்டாரின் வாட்ஸ்அப் குழுவிலும் முன்பே எழுதிப் போடுங்கள். ஆறு மணி நேரம் ஒரு டிக்கும் விழாவிட்டால் அம்மாக்கள் இருவரும் தூங்கமாட்டார்கள்.

இங்கே பழகியவரே எல்லாவற்றையும் முடிவு செய்து, புதிதாக வந்தவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவதாக இந்தப் பயணம் ஆகிவிடக் கூடாது. ஒரு நாளுக்கு ஒன்றை அவர் தேர்ந்தெடுக்கட்டும், எங்கே நிறுத்துவது என்பதாக இருந்தாலும் சரி. யாருக்காவது தலை சுற்றினாலோ திரும்பலாம் என்று தோன்றினாலோ, காரணம் கேட்காமல் மற்றவர் திரும்ப வேண்டும். வெயிலில் எரிச்சல் வந்து வார்த்தை தடித்தால் முதலில் தண்ணீர் குடியுங்கள், ஏதாவது உப்பாகச் சாப்பிடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும். புது இடத்தில் புது மனிதரோடு வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிறவர்களும் உண்டு. கேட்காமலே நிறுத்துங்கள், கழிப்பறை கண்ட இடத்தில் எல்லாம் நிறுத்துங்கள்.

திரும்பும் நாள்

கிராண்ட் கேன்யனிலிருந்து வில்லியம்ஸ் வழியாக வந்து, நேரம் இருந்தால் செலிக்மனில் ஐ-40-ஐ விட்டு இறங்கிப் பழைய ரூட் 66 சாலையில் கிங்மன் வரை ஓட்டுங்கள். அங்கிருந்து வேகாஸுக்கு வழியில் ஹூவர் அணை. மதிய வெயிலில் அணை மேல் கால் மணி நேரம் போதும். விமானத்தை அன்று இரவுக்கு வைக்காமல் மறுநாளுக்கு வையுங்கள், எட்டு இரவோடு வேகாஸில் இன்னோர் இரவு கூடினாலும் பரவாயில்லை. வேகாஸில் வாடகைக் கார்களைத் திருப்பித் தரும் மையம் விமான நிலையத்திலிருந்து தள்ளி இருக்கிறது. அங்கிருந்து ஷட்டிலில்தான் வர வேண்டும். காரை ஒப்படைப்பதற்கு முன் பெட்ரோல் நிரப்பி, மிதியடிகளில் இருக்கும் செம்மண்ணைத் தட்டிவிட்டு, நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிட்டுக் கொடுங்கள்.